லாரிக்குள் குளிரை அடைத்த மெக்கானிக் – ஃப்ரெடரிக் ஜோன்ஸ்



விஞ்ஞானி என்று சொன்னதும் நமக்கு நியூட்டன், எடிசன், நம்ம சர் சி.வி. ராமன் இவங்கதான் சட்டுனு ஞாபகத்துக்கு வருவாங்க. இந்த இதழில் நாம் பார்க்கப்போகிறவர் கல்லூரிப் படியையே மிதிக்காதவர். பள்ளிக்கூடத்தையும் பாதியிலேயே விட்டவர். கையில் எண்ணெய்க் கறையோடு லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர். ஆனால் அவர் பெயரில் 60-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருக்கின்றன!

ஐஸ்கிரீம், பால், மீன், தடுப்பூசி மருந்து, இதெல்லாம் கெட்டுப்போகாமல் ஊர் விட்டு ஊர் வருதே, எப்படி? குளிர்சாதன லாரியில்தான். சாலையில் அப்படி ஒரு லாரி போனால் கவனித்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் பெட்டியின் முன்பக்க நெற்றியில் ஒரு சின்னப் பெட்டி துருத்திக்கொண்டு நிற்கும். அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. வாங்க, அதைப் படிப்போம்.

★ அனாதைச் சிறுவன் ★

1893-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி. அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றங்கரையில், சின்சினாட்டி நகரத்தை ஒட்டிய பகுதியில் ஃப்ரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ் பிறந்தான். அப்பா வெள்ளையர், ரயில்வே தொழிலாளி. அம்மா கருப்பினத்தைச் சேர்ந்தவர். அம்மாவின் அரவணைப்பு அவனுக்கு நெடுநாள் கிடைக்கவில்லை. தனி ஆளாக மகனை வளர்க்க முடியாத அப்பா, ஃப்ரெட்டுக்கு 7 வயது இருக்கும்போது அவனை ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரிடம் ஒப்படைத்தார். 9 வயதில் அப்பாவும் இறந்துபோனார்.

பாதிரியார் வீட்டில் சமையலறை வேலை, தோட்ட வேலை, பெருக்கித் துடைக்கிற வேலை எல்லாம் செய்தான். சாப்பாடும் கொஞ்சம் படிப்பும் கிடைத்தது. ஆனால் அவன் மனசெல்லாம் இயந்திரங்கள் மேலேயே இருந்தது. 11 வயதில் பள்ளியையும் அந்த வீட்டையும் விட்டுக் கிளம்பிவிட்டான். 11 வயது என்றால் நம்ம ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வயசு! யோசித்துப் பாருங்கள்.

சின்சினாட்டியில் ஒரு கார் பட்டறையில் தரை கூட்டுகிற வேலை கிடைத்தது. கூட்டிக்கொண்டே, மெக்கானிக்குகள் எந்தத் திருகாணியை எப்போது கழற்றுகிறார்கள், கழற்றியதும் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தான். 14 வயதில் அவனே மெக்கானிக் ஆகிவிட்டான். புத்தகங்களைத் தேடிப் பிடித்துத் தானாகவே படித்தான். ஆசிரியர் இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. வண்டி ஓடினால் பாஸ், ஓடாவிட்டால் ஃபெயில், அவ்வளவுதான்!

★ பனி கொட்டும் ஊரில் ★

1912-இல் ஜோன்ஸ் வடக்கே மின்னசோட்டா மாநிலத்துக்குப் போனார். கனடா எல்லைக்குப் பக்கத்தில் ஹாலக் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு மாபெரும் பண்ணையில் டிராக்டர் முதலான இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. குளிர்காலத்தில் தண்ணீர் உறைகிற நிலைக்கும் வெகு கீழே வெப்பநிலை இறங்கிவிடும் ஊர் அது. வெயிலில் காய்கிற நமக்கு அந்தக் குளிர் கற்பனைக்கே எட்டாதது. அந்தக் குளிரில் இன்ஜின் கிளம்பாது, எண்ணெய் கெட்டியாகிவிடும், இரும்பு கையில் ஒட்டும். அங்கே மெக்கானிக்காக இருப்பது சும்மா இல்லை. வெப்பமும் குளிரும் இயந்திரத்தை என்ன பாடு படுத்தும் என்பதை ஜோன்ஸ் அங்கேதான் நேரில் கண்டார். 20 வயதிலேயே இன்ஜினியர் உரிமமும் பெற்றுவிட்டார்.

முதல் உலகப் போர் வந்தது. ஜோன்ஸ் ராணுவத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். முகாம்களில் மின்சார ஒயர், தொலைபேசி, தந்தி இணைப்பு எல்லாம் அவர் கைவேலை. போர் முடிந்து திரும்பியதும் மறுபடி ஹாலக்தான். அந்தச் சின்ன ஊருக்கு அவர் செய்து கொடுத்தவற்றைப் பாருங்கள்:

✎ உள்ளூர் வானொலி நிலையத்துக்கு ஒலிபரப்புக் கருவி.
✎ நோயாளி இருக்கும் இடத்துக்கே எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவி.
✎ டாக்டர் பனியில் நோயாளி வீட்டுக்குப் போவதற்கு ஒரு சறுக்கு வண்டி. பழைய விமானத்தின் உடல், அடியில் சறுக்குப் பலகை, தள்ளுவதற்கு இன்ஜினில் மாட்டிய விமானக் காற்றாடி!
✎ ஊமைப்படம் ஓட்டிய தியேட்டருக்குப் பேசும்பட ஒலிக்கருவி.

கடைசியில் சொன்ன அந்த ஒலிக்கருவிதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. மின்னியாபோலிஸ் நகரில் சினிமா ஒலிக்கருவிகள் தயாரித்துக்கொண்டிருந்த ஜோசப் நியூமெரோ என்பவர் ஜோன்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தன் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். 1939-இல் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் இயந்திரத்துக்கு ஜோன்ஸ் காப்புரிமை வாங்கினார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்காவில் தோல் நிறத்தைப் பார்த்துத்தான் பல கதவுகள் திறந்தன, பல கதவுகள் மூடின. கருப்பினத்தவர் ஒருவர் மூளை வேலைக்கு வந்தாலே ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். ஜோன்ஸ் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. ஓடாத இயந்திரத்தை ஓட வைத்துக் காட்டினார்.

★ ஒரு லோடு கோழி வீணானது ★

1930-களில் இறைச்சி, பழம், காய்கறியை லாரியில் எப்படி அனுப்பினார்கள் தெரியுமா? ஐஸ் கட்டியை அடுக்கி அனுப்பினார்கள். வழியில் ஐஸ் உருகும். உருகினால் நிறுத்தி மறுபடி ஐஸ் போட வேண்டும். வண்டி பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டால் அவ்வளவுதான், முழு லோடும் நாற்றமெடுத்துவிடும். விவசாயிக்கு நஷ்டம், லாரிக்காரருக்கு நஷ்டம். கெட்டது தெரியாமல் தின்றவருக்கு உயிருக்கே ஆபத்து.

1938-இல் நியூமெரோ தன் நண்பர்களோடு கோல்ஃப் விளையாடிக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் லாரி கம்பெனி வைத்திருந்த ஹாரி வெர்னர். வெயிலில் ஒரு லோடு கோழி இறைச்சி முழுவதும் கெட்டுப்போன கதையைச் சொல்லி அவர் புலம்பினார். லாரிக்குக் குளிர்சாதனம் செய்து தருகிறேன் என்று நியூமெரோ விளையாட்டாகச் சொல்லிவைத்தார். வெர்னர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே ஒரு லாரிப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்! நியூமெரோவுக்குத் தர்மசங்கடம். ஜோன்ஸ் ஒன்றும் பேசாமல் பெட்டிக்குள் ஏறினார், அளந்தார், கணக்குப் போட்டார். முடியும் என்று தெரிவித்தார்.

★ ஏன் மற்றவர்களால் முடியவில்லை? ★

ஜோன்ஸுக்கு முன்பும் பலர் முயன்றிருந்தார்கள். குளிரூட்டும் தத்துவம் ஒன்றும் ரகசியம் இல்லை. மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லுனு இருக்கு? பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. குளிர்சாதனத்திலும் இதே கதைதான். ஒரு திரவம் குழாய்க்குள் ஆவியாகி உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சும். கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்பக்கக் குழாய்க்கு அனுப்பும். அங்கே வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகிவிடும். வீட்டு ஃப்ரிட்ஜும் இப்படித்தான் ஓடுகிறது.

அப்படியானால் லாரியில் மட்டும் ஏன் தோற்றது? ஜோன்ஸின் திறமை இங்கேதான் தெரிகிறது. இயந்திரத்தை மட்டும் பார்க்காமல், அது எந்த இடத்தில் வேலை செய்யப்போகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தார். ஒவ்வொரு கோளாறாகப் பிடித்தார்.

முதல் கோளாறு – குலுக்கல். வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரே இடத்தில் நிற்கும். லாரியோ மேட்டிலும் பள்ளத்திலும் தூக்கித் தூக்கிப் போடும். மற்றவர்கள் செய்த கருவிகள் அதிர்வில் கழன்று உடைந்தன. ஜோன்ஸ் அதிர்வைத் தாங்கும்படி பாகங்களைக் கெட்டியாகவும் சுருக்கமாகவும் அமைத்தார்.

இரண்டாவது – இடம். முன்பு செய்தவை பெரிதாக இருந்து சரக்கு வைக்கும் இடத்தையே விழுங்கின. ஜோன்ஸின் முதல் கருவி வண்டிக்கு அடியில் தொங்கியது.

மூன்றாவது – சேறும் தூசியும். அடியில் தொங்கினால் சாலையின் அழுக்கெல்லாம் அதன் மேல்தானே படும்? அதனால் பிறகு எடையைக் குறைத்துப் பெட்டியின் முன்பக்க நெற்றியில் ஏற்றினார். அந்த நெற்றிப் பெட்டியைத்தான் இன்றும் லாரிகளில் பார்க்கிறோம்.

நான்காவது – ஆள் இல்லாமை. எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் இதுதான். டிரைவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பெட்டிக்குள் சூடா, குளிரா என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதற்குத்தான் தெர்மோஸ்டாட். சூடானால் விரிகிற, குளிர்ந்தால் சுருங்குகிற பொருளைக் கொண்டு ஒரு ஸ்விட்சைத் தட்ட வைக்கும் கருவி அது. குளிர்சாதனத்துக்கென்று தனியாக ஒரு சின்ன இன்ஜின். சூடு ஏறினால் இன்ஜின் தானாகக் கிளம்ப வேண்டும், போதுமான குளிர் வந்ததும் தானாக நிற்க வேண்டும். இன்ஜினைத் தானே நிறுத்தித் தானே கிளப்பும் அமைப்புக்கு 1943-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

ஐந்தாவது – குளிர்காலம். இது நமக்கு வேடிக்கையாக இருக்கும். மின்னசோட்டா குளிரில் குளிர்சாதனமே இல்லாமல் காய்கறி உறைந்து அழுகிவிடும்! அப்போது பெட்டிக்குச் சூடு வேண்டும். ஹாலக் பனியில் பல வருஷம் வாழ்ந்தவருக்கு இது தெரியாதா? குழாயில் போகும் ஓட்டத்தின் திசையை மாற்றி, ஒரே கருவியே குளிரும் தரும், சூடும் தரும்படி செய்தார். உள்ளே இருக்கும் குழாய்களில் பனி படிந்து காற்று போகும் வழியை அடைத்தாலும் இதே சூடு அதை உருக்கிவிடும்.

1938-இல் தொடங்கிய வேலை வெற்றி பெற்றது. நியூமெரோ தன் சினிமாக் கருவித் தொழிலையே விற்றுவிட்டு, ஜோன்ஸோடு சேர்ந்து புதிய கம்பெனி தொடங்கினார். அதுதான் பின்னாளில் தெர்மோ கிங் என்று பெயர் பெற்றது.

┌ பெட்டிச் செய்தி ┐
நீங்க மெக்கானிக் ஆனா எப்படித் தேடுவீங்க?

லாரி டிரைவர் உட்காரும் கேபினிலும் சூடு, குளிர், காற்று மூன்றையும் மாற்றும் திருகு குமிழ்கள் இருக்கும். இன்ஜினைச் சுற்றிச் சூடாகும் தண்ணீர் ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் வரும். ஃபேன் அதன் வழியாகக் காற்றை ஊதும். உள்ளே ஒரு தட்டு அந்தக் காற்றைக் கண்ணாடிப் பக்கமோ கால் பக்கமோ திருப்பும். இதில் கோளாறு வந்தால் கண்டதையும் கழற்றக் கூடாது. வரிசையாகக் கேள்வி கேட்க வேண்டும்.

1. காற்றே வரவில்லையா? ஃபியூஸ், ஸ்விட்ச், ஒயர், ஃபேன் மோட்டார் என்று வரிசையாகப் பார். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பார்.
2. ஃபேன் ஒரே ஒரு வேகத்தில் மட்டும் சுற்றுகிறதா? பல வண்டிகளில் மோட்டார் நல்லாத்தான் இருக்கும். வேகத்தைக் குறைக்கும் மின்தடைதான் எரிந்திருக்கும்.
3. காற்று வருகிறது, ஆனால் சூடு இல்லையா? தண்ணீர் அளவு குறைந்திருக்கலாம். இன்ஜின் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். சூடான தண்ணீர் வரும் வால்வு மூடியிருக்கலாம்.
4. கண்ணாடிக்குப் போக வேண்டிய காற்று காலுக்கே போகிறதா? திருப்பும் தட்டோ, அதை இழுக்கும் கம்பியோ கழன்றிருக்கும்.

கண்ணாடியில் படியும் ஆவி போகவில்லை என்றால் டிரைவருக்குச் சாலை தெரியாது. அதனால் இது வெறும் சொகுசு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

எச்சரிக்கை: இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீச்சியடிக்கும்.
└────────┘

ஜோன்ஸ் செய்ததும் இதே மாதிரிதான். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். ஒரு படி மேலே போய், மனிதன் ஓடி ஓடிப் பார்க்க வேண்டியதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்.

★ போர்க்களத்தில் ஜோன்ஸின் குளிர் ★

இரண்டாம் உலகப் போரில் அவருடைய கருவிகள் வேறு ஒரு வேலைக்கும் வந்தன. காயம்பட்ட வீரர்களுக்கு ஏற்றும் ரத்தம் குளிரில் இருக்க வேண்டும். மருந்து குளிரில் இருக்க வேண்டும். போர்முனையில் ஐஸ் கட்டிக்கு எங்கே போவது? எடுத்துச் செல்லக்கூடிய ஜோன்ஸின் குளிர்சாதனங்கள் ராணுவ முகாம்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போயின. கோழி இறைச்சியைக் காப்பாற்றப் பிறந்த இயந்திரம் மனித உயிரைக் காப்பாற்ற உதவியது!

1944-இல் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சங்கத்தில் இடம்பெற்ற முதல் கருப்பினத்தவர் அவர்தான். 1950-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அவரிடம் ஆலோசனை கேட்டது. பட்டம் வாங்கியவர்கள் பள்ளியைப் பாதியில் விட்டவரிடம் யோசனை கேட்டார்கள்.

போருக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1949-இல் தெர்மோஸ்டாட் மூலம் இன்ஜினை இயக்கும் முறை, 1950-இல் மூடிய இடத்துக்குள் காற்றைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ செய்யும் முறை, 1960-இல் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு அமைப்பு என்று காப்புரிமைகள் வரிசையாக வந்தன. மொத்தக் காப்புரிமைகளில் சுமார் 40 குளிர்சாதனத் துறையைச் சேர்ந்தவை. லாரியில் தொடங்கியது ரயிலுக்கும் கப்பலுக்கும் போனது. ஒரு மூலையில் விளைந்த பழம் இன்னொரு மூலையில் இருக்கும் கடைக்கு வாடாமல் போய்ச் சேர்ந்தது. உறைய வைத்த உணவு விற்கும் பெரிய கடைகள் பெருகியதற்கு இந்த லாரிகளும் ஒரு முக்கியக் காரணம்.

★ மறைவும் மரியாதையும் ★

1961 பிப்ரவரி 21-ஆம் தேதி மின்னியாபோலிஸில் ஜோன்ஸ் காலமானார். நுரையீரல் புற்றுநோய். வயது 67. பெரிய மரியாதை அதற்குப் பிறகுதான் வந்தது. 1991-இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் ஜோன்ஸுக்கும் நியூமெரோவுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் கருப்பினத்தவர் ஜோன்ஸ். வாங்கிக்கொள்ள அவர் உயிரோடு இல்லை. இறந்து 30 வருஷம் ஆகியிருந்தது. 2007-இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்க்கூடத்திலும் அவர் பெயர் இடம்பெற்றது.

★ நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ★

ஜோன்ஸ் பள்ளியை விட்டார், அதனால நாமும் விட்டுடலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க! அவருக்குப் படிக்க வசதி இல்லை. ஆனால் படிப்பை அவர் விடவே இல்லை. ராத்திரியில் புத்தகம், பகலில் பட்டறை என்று கடைசி வரை கற்றுக்கொண்டே இருந்தார். நமக்கு வகுப்பறை இருக்கு, நூலகம் இருக்கு, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆசிரியர்கள் இருக்காங்க. அவர் கேட்ட அளவுக்கு நாம் கேள்வி கேட்கிறோமா?

இன்னொன்று. நம்ம வகுப்பிலேயே சிலருடைய அப்பா மெக்கானிக், சிலருடைய மாமா லாரி டிரைவர். கையில் கிரீஸ் இருக்கிறவர் என்றால் மட்டமாகப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பேனா பிடிக்கிற கையும் ஸ்பேனர் பிடிக்கிற கையும் ஒன்றுதான். இரண்டுக்கும் பின்னால் மூளை வேண்டும்.

☺ சிந்தனைக்கு: குளிர்சாதன லாரியில் சரக்கை ஏன் கூரை வரை இடைவெளி விடாமல் அடுக்கக் கூடாது? விடை தெரிந்தவர்கள் எழுதிப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் போடுங்கள். துப்பு: இந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. குளிர் மட்டும் போதாது, அது போய்ச் சேரவும் வழி வேண்டும்!



– அறிவியல் மன்றம், பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு